பால் ஸ்டோரும் மாஸ்கோ ஆய்வுக்கூடமும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு இவ்வாண்டுச் செயலவைத் தம்பி ஒருவர் அழைத்தார். “தன்முனைப்பு ஊட்டுற மாதிரி ஏதாச்சும் எழுதுங்க அண்ணே” என்றார். சரி என்று சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். நம் மலர்களில் தன்முனைப்புக் கட்டுரை என்றால் அதே மூன்று நான்கு பெயர்கள்தாம். ராமானுஜன், சர் சி. வி. ராமன், அப்துல் கலாம். பெரியவர்கள்தாம், அவர்களை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் அந்தக் கட்டுரைகளைப் படித்து மூடும்போது நம்மிடம் மிஞ்சுவது ஒரு பெருமூச்சு மட்டுமே. அவர் மேதை, நாம் யார் என்ற பெருமூச்சு.

ஆகவே பெரிய பரிசு கைக்கு வராத இருவரைப் பற்றி எழுதப் போகிறேன். ஒருவர் ரஷ்யர். மற்றவர் வத்திராயிருப்புத் தமிழர். அதற்கு முன் என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அம்மா பால்மரம் வெட்டியவர். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், இன்று அங்கே ரப்பர் மரமும் இல்லை, லயமும் இல்லை. பாதி செம்பனை, மீதி வீடமைப்புப் பகுதி. நான் சிறுவனாக இருந்தபோது பள்ளி விடுமுறையில் அம்மாவோடு வெளிக்காட்டுக்குப் போவேன். மங்கு துடைப்பது, ஒட்டுப்பால் உரிப்பது என் வேலை. பால் எடுத்து முடிந்ததும் வாளிகளைச் சுமந்துகொண்டு பால் ஸ்டோருக்குப் போவோம். அங்கே கிராணி, நிறுத்த பாலில் கொஞ்சம் எடுத்து ஓர் உயரமான குவளையில் ஊற்றுவார். அதில் ஒரு கருவியை மிதக்க விடுவார். குனிந்து பார்ப்பார். ஓர் எண்ணை எழுதிக்கொள்வார். அவ்வளவுதான். அந்த எண்ணைக் கொண்டுதான் அம்மாவின் அன்றைய பாலில் எவ்வளவு ரப்பர் என்று கணக்காகும்; சம்பளமும் அதை வைத்துத்தான்.

ஒரு மழை நாளில் கிராணி நிமிர்ந்து, “இன்னைக்குப் பால் தண்ணி” என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. வீடு திரும்பும் வழியில் நான் கேட்டேன், “அது என்னம்மா?” “பாலோட கெட்டியைப் பாக்கிற சாமான்” என்றார். “நீங்க பாத்திருக்கீங்களா, அதுல என்ன போட்டிருக்குன்னு?” அம்மா சிரித்துவிட்டார். பல ஆண்டுகள் பால் வெட்டியவர், தம் கூலியைத் தீர்மானித்த அந்த எண்ணை ஒரு நாளும் தாமே பார்த்ததில்லை. கிராணி ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவர் சரியாகவே படித்திருக்கலாம். ஆனால் சரியா தவறா என்று கேட்க அம்மாவிடம் ஒன்றுமில்லை.

அந்தக் கருவியின் பெயர் மெட்ரோலாக் என்பது படிவம் நான்கில்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் நேராகத் தெரியவில்லை. இயற்பியல் பாடநூலில் ஹைட்ரோமீட்டர் என்று ஒரு படம் இருந்தது. பார்த்ததும் எனக்குப் பால் ஸ்டோர் வாசம் வந்துவிட்டது. ரப்பர், தண்ணீரைவிட இலேசானது. பாலில் ரப்பர் மிகுந்தால் பாலின் அடர்த்தி குறையும், கருவி ஆழமாக இறங்கும். தண்ணீர் சேர்ந்தால் அடர்த்தி கூடும், கருவி மேலே எழும். இவ்வளவு எளிய விஷயம்! தமிழ்ப்பள்ளியில் ‘அடர்த்தி’ என்று படித்தேன். இடைநிலைப்பள்ளியில் ‘கெதும்பாத்தான்’ என்று மனனம் செய்தேன். பல்கலைக்கழகத்தில் ‘டென்சிட்டி’ என்று எழுதினேன். ஆனால் அது எனக்குப் புரிந்தது அம்மாவின் வாளியை நினைத்த அந்த ஒரு நொடியில்தான்.

அந்தப் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரோமீட்டர் இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள், பூட்டப்பட்டு. உடைந்தால் யார் பதில் சொல்வது? இரண்டு ஆண்டுகளில் அதை நாங்கள் ஒரு முறைகூடத் தொடவில்லை. முடிவுகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். நாங்கள் பார்த்து எழுதினோம். சோதனை அறிக்கை என்று அதற்குப் பெயர். இன்று நானும் ஈப்போவில் இயற்பியல் ஆசிரியன். அந்தச் சாவி இப்போது என் கையில். உடைந்துவிடுமோ என்ற பயம் எப்படிப்பட்டது என்று எனக்கும் தெரியும். ஆகவே யாரையும் திட்டி இதை எழுதவில்லை.

இனி ரஷ்யருக்கு வருகிறேன். அலெக்சாந்தர் ஸ்தொலேத்தொவ். 1839-இல் விளாதிமிர் நகரில் ஒரு வணிகர் குடும்பத்தில் பிறந்தார். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்து, 1862-இல் ஜெர்மனிக்குப் போய்ச் சில ஆண்டுகள் பயின்று திரும்பினார். திரும்பிய இடத்தில் இயற்பியல் பாடம் இருந்தது, பேராசிரியர்கள் இருந்தார்கள், மாணவர்கள் தம் கையால் சோதனை செய்து பழக ஆய்வுக்கூடம் மட்டும் இல்லை. சொற்பொழிவு மேசையில் பேராசிரியர் எதையாவது செய்து காட்டுவார். மாணவர்கள் தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். நம் கரும்பலகைக் கதைதான்.

அவருக்கு ஓர் ஆய்வு மனத்தில் இருந்தது. இரும்பைக் காந்தமாக்கும்போது, வெளிக்காந்தப் புலத்தைக் கூட்டக் கூட்ட இரும்பின் காந்த ஏற்புத்திறன் எப்படி மாறுகிறது? இதை மாஸ்கோவில் அளக்க முடியவில்லை. 1871-இல் மீண்டும் ஜெர்மனிக்குப் போய், ஹைடல்பர்க்கில் கிர்க்காஃப் என்ற அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் இடம் கேட்டு, சில மாதங்கள் உழைத்து அளந்தார். அந்த ஏற்புத்திறன் முதலில் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்குகிறது என்று காட்டினார். மின்னாக்கியும் மின்மோட்டாரும் வடிவமைப்பவர்களுக்கு இது மிகவும் வேண்டியிருந்த செய்தி.

எனக்குப் பிடித்தது அந்த வளைகோடு அல்ல, அடுத்து அவர் செய்ததுதான். ஒரு மாணவன் சோதனை செய்யக் கடல் கடந்து போக வேண்டுமா என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1872-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்திலேயே மாணவர்களுக்கான இயற்பியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. சில அறைகள், சில கருவிகள். அங்கேதான் 1888 முதல் 1890 வரை, உலோகத் தகட்டின் மேல் ஒளி பட்டால் மின்னோட்டம் பிறப்பதை முறையாக அளந்தார். ஒரு தகடு, அதற்கு எதிரே ஒரு கம்பி வலை, ஒரு மின்கல அடுக்கு, ஒரு கல்வனோமீட்டர், வில்விளக்கின் ஒளி. விழும் ஒளியின் அளவு கூடினால் மின்னோட்டமும் அதே விகிதத்தில் கூடுகிறது என்று கண்டார். ஒளிமின் விளைவு என்று நாம் படிவம் ஐந்தில் படிக்கிறோமே, அதற்கு ஐன்ஸ்டைன் 1905-இல் விளக்கம் தந்தார். அளந்து வைத்தவர்களின் வரிசையில் ஸ்தொலேத்தொவ் முன்னால் நிற்கிறார்.

அவருக்குக் கிடைத்த மரியாதை? 1893-இல் ரஷ்ய அறிவியல் கழகத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. கழகத்தின் தலைவர் அரச குடும்பத்தவர். அவர் அந்தப் பெயரை நீக்கிவிட்டார். அதே காலத்தில் ஓர் இளவரசரின் ஆய்வேட்டைத் தயவு தாட்சண்யம் பாராமல் விமர்சித்திருந்தார் ஸ்தொலேத்தொவ். அந்த இளவரசருக்குக் கழகத்தில் இடம் கிடைத்தது. 1896-இல், 57 வயது நிறையும் முன்பே ஸ்தொலேத்தொவ் இறந்துபோனார்.

ஆனால் ஆய்வுக்கூடம் இருந்தது. 1891-இல் அவர் அழைத்து வந்த இளைஞர் பியோத்தர் லெபெதெவ், ஒளிக்கு அழுத்தும் விசை உண்டு என்பதை 1899-இல் அளந்து காட்டினார். காற்றகற்றிய கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய இழையில் சிறு இறகுத் தகடுகளைத் தொங்கவிட்டு, அவற்றின் மேல் ஒளியைப் பாய்ச்சி, இழை எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று பார்த்தார். குமிழில் மிச்சமிருக்கும் துளிக் காற்று சூடாகித் தகட்டைத் தள்ளினால்கூட அளவு பொய்த்துவிடும். அதை ஒவ்வொன்றாக விலக்கி விலக்கி அளக்க எவ்வளவு பொறுமை வேண்டும்! 1911-இல் கல்வி அமைச்சரின் அடக்குமுறையை எதிர்த்துப் பல ஆசிரியர்களோடு அவரும் பதவி விலகினார். தாம் கட்டிய ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறினார். மறு ஆண்டே 46 வயதில் காலமானார்.

இப்போது கல்கத்தாவுக்கு வருவோம். மாஸ்கோவில் ஆய்வுக்கூடம் தொடங்கி நான்கு ஆண்டுகள் கழித்து, 1876-இல், மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். சொற்பொழிவுகள் நடந்தன, முழுநேரமாக ஆராய்ச்சி செய்ய ஆள் வரவில்லை. சர்க்கார் 1904-இல் மனம் நொந்தே இறந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவில் வேலைக்கு வந்த ராமன் அந்தக் கதவைத் தட்டினார். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் அங்கே வேலை செய்தார். மிச்சக் கதை நமக்குத் தெரியும். தெரியாதது, அந்தக் கதவு 31 ஆண்டுகள் காத்திருந்தது என்பது. ராமனைப் பற்றி எழுதுகிற நாம் சர்க்காரைப் பற்றி எழுதுவதே இல்லை.

அந்த ராமனிடம் 1923-இல் வந்து சேர்ந்தவர்தான் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன், சுருக்கமாக கே. எஸ். கிருஷ்ணன். 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வத்திராயிருப்பில் பிறந்தவர். இன்றைய விருதுநகர் மாவட்டம். திருவில்லிபுத்தூரில் உயர்நிலைப்பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னைக் கிறித்துவக் கல்லூரி. அக்கல்லூரியின் வேதியியல் துறையில் சோதனை காட்டுநராக வேலை பார்த்தபோது, மதிய இடைவேளையில் மாணவர்களின் ஐயங்களைத் தீர்க்க உட்கார்ந்துவிடுவாராம். வேறு கல்லூரி மாணவர்களும் வந்து கேட்பார்களாம். இந்த ஒரு செய்திக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

1928 பிப்ரவரியில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிருஷ்ணன் அப்போது கோட்பாட்டுக் கணக்குகளில் மூழ்கியிருந்தார். ராமன் அவரைச் சோதனைப் பக்கம் இழுத்தார். சூரிய ஒளியைக் குவித்து, ஊதா-நீல நிறம் மட்டும் கடக்கும் வடிகட்டி வழியாக ஒரு தூய திரவத்துக்குள் செலுத்துவது. திரவத்திலிருந்து பக்கவாட்டில் சிதறி வரும் ஒளியை மஞ்சள்-பச்சை மட்டும் கடக்கும் இன்னொரு வடிகட்டி வழியாகப் பார்ப்பது. உள்ளே போன ஒளி நிறம் மாறாமல் வந்தால் இரண்டாவது வடிகட்டி அதைத் தடுத்துவிடும், கண்ணுக்கு இருட்டுத்தான். ஏதாவது தெரிந்தால் ஒளி நிறம் மாறியிருக்கிறது என்று பொருள். தெரிந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, ஏறத்தாழ 60 திரவங்களில் தெரிந்தது. நாள்தோறும் என்ன பார்த்தோம் என்று கிருஷ்ணன் நாட்குறிப்பு எழுதினார். 1928 மார்ச் 31-ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த முதல் கடிதத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன: ராமன், கிருஷ்ணன். 1930-இல் நோபல் பரிசில் ஒரே பெயர்.

இது அநீதியா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒளிச்சிதறலைப் பல ஆண்டுகளாகத் துரத்தியவர் ராமன். வழி காட்டியவரும் அவர்தான். கிருஷ்ணன் எங்கும் உரிமை கோரியதாகவும் நான் படித்ததில்லை. என் வருத்தம் வேறு. நோபல் குழு ஒரு பெயரைச் சொன்னால், நாமும் ஏன் அந்த ஒரு பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம்?

இதில் இன்னொன்று இருக்கிறது. அதே 1928 பிப்ரவரியில், மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் லாந்ஸ்பெர்க், மந்தெல்ஷ்தாம் என்ற இருவர் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவைக் கண்டார்கள். வேறொன்றைத் தேடப்போய்க் கண்டார்கள், வெளியிடுவதில் பிந்திவிட்டார்கள். நோபல் அவர்களுக்கும் இல்லை. ரஷ்யர்கள் இன்றும் இதற்கு ராமன் விளைவு என்று சொல்வதில்லை, தங்கள் பெயர் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அந்தச் சண்டையில் எனக்கு அக்கறையில்லை. ஸ்தொலேத்தொவ் 1872-இல் தொடங்கிய இடமும், சர்க்கார் 1876-இல் தொடங்கிய இடமும் ஒரே மாதத்தில் ஒரே விளைவில் வந்து சந்தித்தனவே, அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். தொடங்கிய இருவரும் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

கிருஷ்ணன் அத்தோடு ஓயவில்லை. 1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே படிகங்களின் காந்தப் பண்பை அளக்கத் தொடங்கினார். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சிறு படிகத்தைக் காந்தப் புலத்தில் தொங்கவிடுவது. இழையின் மேல்முனையை மெல்ல முறுக்கிக்கொண்டே போவது. எந்தக் கோணத்தில் படிகம் சட்டென்று திரும்புகிறது என்று குறிப்பது. அந்தக் கோணத்திலிருந்து, படிகத்துக்குள் மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது வரை கணக்கிடலாம். லெபெதெவின் இழை, கிருஷ்ணனின் இழை! இலண்டனில் புகழ்பெற்ற படிகவியல் அறிஞர் கேத்லீன் லான்ஸ்டேல் 1936-இல் கிருஷ்ணனோடு சேர்ந்து இதுபற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1940-இல் இலண்டன் ராயல் சொசைட்டி கிருஷ்ணனை உறுப்பினராக்கியது. 1947-இல் புதுடில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார். 1961 ஜூனில் இறக்கும் வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அந்த ஆய்வகத்தின் வேலைகளில் ஒன்று, நாட்டின் அளவைத் தரங்களைக் காப்பது. ஒரு மீட்டர் என்றால் எவ்வளவு, ஒரு கிலோ என்றால் எவ்வளவு என்பதற்கு அதுதான் சாட்சி. இதைப் படித்தபோது எனக்கு மறுபடியும் பால் ஸ்டோர் நினைவுக்கு வந்தது என்றால் சிரிப்பீர்கள்.

இனி என் கருத்து. நம் வீடுகளில் அறிவியல் என்றால் டாக்டர். அது கிடைக்காவிட்டால் பொறியியல். ‘இயற்பியல் படிக்கிறேன்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், ‘மருத்துவம் கிடைக்கலையா?’ என்று துக்கம் விசாரிப்பதுபோல் கேட்கிறோம். தோட்டத்திலிருந்து வெளியேறி மலிவுவிலை அடுக்ககத்துக்கு வந்த குடும்பத்துக்கு நிலையான வருமானம் வேண்டும். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன், நானே அதில் வளர்ந்தவன். ஆனால் அளக்கத் தெரியாத சமுதாயத்துக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்த்து வளர்ந்திருக்கிறேன். மற்றவர் படித்துச் சொன்ன எண்ணை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

நாம் சண்டை போடுவதெல்லாம் மொழியைப் பற்றித்தான். 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009-இல் அரசு அதைக் கைவிட முடிவெடுத்தது. 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் கூட்டம், தீர்மானம், நாளிதழில் அறிக்கை. என் நிலை கேட்டால், தமிழ்ப்பள்ளியில் அறிவியல் தமிழில்தான் இருக்க வேண்டும். ஆறாண்டு ‘அடர்த்தி’ என்று படித்ததால் எனக்கு எந்தக் கதவும் அடைபடவில்லை. ஆனால் பூட்டிய அலமாரி எல்லா மொழியிலும் பூட்டிய அலமாரிதான். அதைப் பற்றி ஒரு தீர்மானம்கூட நான் பார்த்ததில்லை.

நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வெளிநாட்டுப் புத்தாக்கப் போட்டிகளில் தங்கம் வாங்கி வருகிறார்கள். விமான நிலையத்தில் மாலை போடுகிறோம், மகிழ்ச்சிதான். எனினும் ஒன்று உறுத்துகிறது. போட்டிக்குச் செய்த கருவி பெரும்பாலும் அந்தக் கண்காட்சியோடு முடிந்துவிடுகிறது. ஒரே அளவை ஐந்து முறை எடுத்து, ஐந்தும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று உட்கார்ந்து யோசிப்பதற்குப் பதக்கம் இல்லை, மாலையும் இல்லை. ஸ்தொலேத்தொவும் கிருஷ்ணனும் செய்தது அதைத்தான்.

பேராக்கில் நமக்கு மண்டபங்கள் இருக்கின்றன, கோயில்கள் இருக்கின்றன, அவற்றுக்கு அள்ளிக்கொடுக்கும் மனிதர்களும் இருக்கிறார்கள். நாலு மேசையும் ஒரு பெட்டிக் கருவியும் உள்ள ஒரு சோதனை அறை, எந்தப் பிள்ளையும் சனிக்கிழமை வந்து தொட்டுப் பார்க்கலாம், உடைத்தாலும் பரவாயில்லை என்ற ஓர் அறை, நம்மிடம் எத்தனை இருக்கிறது? சர்க்கார் திறந்த கதவுபோல் 31 ஆண்டு காத்திருக்கச் சொல்லவில்லை. ஒரு மண்டபத்தின் பின்னறையைச் சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் திறந்துவிடச் சொல்கிறேன்.

நானும் பழைய பேரவை நண்பர்கள் இருவரும் ஓராண்டாக அப்படி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். இப்போதைக்குச் சொந்த இடமில்லை. கேட்கிற தமிழ்ப்பள்ளிக்குப் போகிறோம். போன மாதம் ஐந்தாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி, உப்புத் தண்ணீரில் ஹைட்ரோமீட்டரை விட்டு அளந்தாள். மூன்றாவது முறை எண் கொஞ்சம் மாறியது. பக்கத்துப் பையன், “பழசையே எழுதிடு” என்றான். அவள் மாட்டேன் என்றுவிட்டு, மாறிய எண்ணையே எழுதினாள்.

பெட்டியில் ஒரு மெட்ரோலாக்கும் உண்டு, தேடிப்பிடித்து வாங்கியது. ஒரு நாள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, சிறுதோட்டக்காரர் ஒருவரிடம் வாங்கிய பாலை உயரமான குவளையில் ஊற்றி, அம்மாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். எண்ணைப் படித்தார். “இம்புட்டுத்தானா?” என்றார். மறுபடியும் குனிந்து பார்த்தார். பிறகு, “அந்த மழை நாள்ல எம்புட்டு இருந்திருக்கும்?” என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெட்டிக்கு இன்னும் சில சாமான்கள் வேண்டும். இந்த மலரைப் படிக்கும் முன்னாள் மாணவர்கள் யாரிடமாவது பழைய கல்வனோமீட்டரோ நல்ல தராசோ சும்மா கிடந்தால், செயலவைத் தம்பிகளிடம் சொல்லி அனுப்புங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.